ரெட்டை ஜடைச் சண்டை

எனக்குத் தலைமுடி அதிகம். பார்க்கிறவர்கள் எல்லாம் கொடுத்துவைத்தவள் என்பார்கள். ஏழாம் வகுப்புப் படிக்கும்போது அந்த முடி எனக்குக் கொடுத்த தொல்லையை வேறெதுவும் கொடுத்ததில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் ரெட்டை ஜடை பின்னி, அதை மடித்து, சிவப்பு ரிப்பனால் கட்டிக்கொண்டு வரவேண்டும். ஒற்றை ஜடை கூடாது. மடிக்காமல் தொங்கவிடவும் கூடாது. எங்கள் வீட்டில் எனக்கு அதைப் பின்னிவிட இருந்த ஒரே ஆள் அம்மா. அம்மாவுக்கு முடக்குவாதம்.

வயதானவர்களுக்கு வருகிற மூட்டுவலிதானே என்று அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு தைலம் சொல்லுவார்கள். அம்மாவுக்கு அப்போது முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. விரல் முட்டிகள் வீங்கி, விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டிருந்தன. இந்த வியாதியில் இன்னொரு அநியாயம், காலையில்தான் அதன் ஆட்டம் அதிகம். சாயங்காலம் ஓரளவு மடங்குகிற விரல் காலையில் விறகு மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும். பள்ளிக்கூடத்தையோ காலையில்தான் வைத்துத் தொலைக்கிறார்கள்.

அப்பாவுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. கம்பெனி பஸ் விடிவதற்குள் வந்து அவரை அள்ளிக்கொண்டு போய்விடும். ஆகவே மேற்கு மாம்பலத்தில் எங்கள் போர்ஷனில் காலை வேளைக்கு எல்லாம் நான்தான். தண்ணீர் அடிப்பேன், குக்கரில் சோறு வைப்பேன், அம்மாவைத் தாங்கிப் பிடித்து எழுப்புவேன், குளிக்க வைப்பேன், நைட்டியை மாட்டிவிடுவேன், மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கிக் கொடுப்பேன். இதற்கெல்லாம் எனக்கு எரிச்சல் வந்ததாக ஞாபகம் இல்லை. பழகிப்போயிருந்தது. எரிச்சல் வந்ததெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஒரு குண்டானில் வெந்நீர் காய்ச்சி அம்மா முன்னால் வைக்கவேண்டும். அம்மா இரண்டு கைகளையும் அதில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். விரல் கொஞ்சம் இளகியதும், "வா, வந்து குந்து" என்பாள். அவள் காலடியில் சுவரைப் பார்த்தபடி நான் உட்கார வேண்டும். வகிடு கோணிக்கொண்டு போகும். சீப்பு நழுவி விழும், நான் எடுத்துக் கொடுப்பேன். மூன்று பிரி எடுத்தால் ஒரு பிரி தப்பித்து ஓடும். பாதி ஜடை வந்த பிறகு, "சே, லூசா போச்சு" என்று அவிழ்த்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குவாள். நான் நெளிந்தால், "ஆடாம குந்துடி" என்று சீப்பால் ஒரு தட்டு. அந்தத் தட்டுக்கு மட்டும் அவள் விரல்கள் எப்படித்தான் ஒத்துழைத்தனவோ!

நானே பின்னிக்கொள்கிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். "ஒன் பின்னந்தல ஒனுக்குத் தெரியுமா? இன்னாத்த பின்னுவ?" என்றாள். கிராப் வெட்டிக்கொள்கிறேன் என்றேன். அன்றைக்கு முழுக்க அவள் என்னோடு பேசவில்லை.

விளைவு, தினமும் தாமதம். நான் ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறி இறங்கி, தி.நகர் கூட்டத்தில் முட்டி மோதிப் போய்ச் சேரும்போது கேட்டை மூடியிருப்பார்கள். உள்ளே பிரேயர் நடக்கும். வெயிலில் நின்றுகொண்டிருப்பேன். அத்தனை பாடுபட்டுப் போட்ட ஜடை அதற்குள் அவிழ ஆரம்பித்திருக்கும்.

கணக்கு டீச்சர்தான் எங்கள் வகுப்பு டீச்சர். ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஏன் தினமும் லேட் என்று கேட்டார். எங்கம்மா தலை பின்னுகிற லட்சணத்தை ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தேன். அம்மாவைப் பற்றிப் புகார் சொல்வதாகத்தான் என் நினைப்பு. வெந்நீர், மாத்திரை, குளியல் எல்லாம் பேச்சுவாக்கில் வந்து விழுந்தன. டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. சீப்பு நழுவி விழுந்ததற்கெல்லாம் இவர் ஏன் அழுகிறார் என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

மறுநாளே ஏற்பாடு ஆகிவிட்டது. நான் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு வந்தால் போதும், பள்ளிக்கூட ஆயாம்மா பின்னிவிடுவார். அன்றைக்கே அம்மா போட்டதை அவிழ்த்துவிட்டு, ஆயாம்மா என்னை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு முடியைச் சரசரவென்று இழுத்தார். கண் சிமிட்டுவதற்குள் இரண்டு ஜடையும் தயார். கண்கள் இரண்டும் மேலே இழுத்துக்கொள்ளும் அளவுக்கு இறுக்கம். சாயங்காலம் வரைக்கும் ஒரு முடி அசையவில்லை. எனக்கு உலகத்தையே ஜெயித்த மாதிரி இருந்தது.

அடுத்த நாள் காலை அம்மா கேட்டாள். "தண்ணி வெக்கலியா?"

"எதுக்கும்மா? இனிமே ஸ்கூல்லயே ஆயாம்மா பின்னிடுவாங்க. டீச்சரே சொல்லிட்டாங்க. ஒனுக்கு ரெஸ்டு" என்றேன். நல்ல சேதி கொண்டுவந்த பெருமை எனக்கு.

அம்மா தன் கைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு, "ஆருடி அந்த டீச்சரு?" என்றாள்.

ஒரு வாரம் ஜம்மென்று ஓடியது. பிரேயரை முதலிலிருந்து கடைசி வரை கேட்டேன். அம்மாதான் சரியில்லை. சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிடுவாள். சாயங்காலம் என்னைத் திருப்பி நிறுத்தி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போலிருந்த வகிட்டைப் பார்த்து, "வகிடே சரியில்ல" என்பாள். "இன்னா எண்ண வெக்கிறா அவ? நாத்தம் கொடலப் புடுங்குது" என்பாள். ஒரு நல்ல காரியம் நடந்தால் இவளுக்குப் பொறுக்காதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அடுத்த திங்கட்கிழமை காலை, "பச்சப் பொடவய எடு. நானும் இஸ்கூலுக்கு வரேன்" என்றாள்.

பொங்கலுக்கு அப்புறம் அம்மா புடவையே கட்டவில்லை. கட்டிவிடுவது யார்? நான்தான். கொசுவம் நிற்கவில்லை, ஊக்கு குத்தியது. மேம்பாலப் படி அவளால் ஏற முடியாது என்பதால் ஆட்டோ. துரைசாமி சப்வே நெரிசலில் ஆட்டோ நின்றது நின்றதுதான். "ஆஸ்பத்திரிக்காமா?" என்று டிரைவர் அம்மாவின் கையைப் பார்த்துக் கேட்டார். "இஸ்கூலுக்கு நைனா. கொஞ்சம் வெரசா போ" என்றாள் அம்மா. வாங்கிய நல்ல பெயரெல்லாம் போயிற்று என்று விரித்த தலையோடு மூலையில் உட்கார்ந்திருந்தேன்.

அம்மா நன்றி சொல்ல வந்திருப்பதாக டீச்சர் நினைத்துவிட்டார். வராந்தாவில் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, "இதுல என்னம்மா இருக்கு, எங்களால முடிஞ்சது" என்று அவராகவே ஆரம்பித்தார். அம்மாவால் டம்ளரைப் பிடிக்க முடியாது. நான் வாங்கி அவள் வாயில் வைத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு அம்மா கேட்டாள்.

"எம்பொண்ணுக்குத் தல வார ஆளில்லன்னு ஆரு சொன்னாங்க ஒங்களாண்ட?"

டீச்சர் திகைத்துப்போனார். "நீங்க கஷ்டப்பட வேணாமேன்னுதான்மா..."

"சோறு அவ ஆக்குறா டீச்சர். தண்ணி அவ அடிக்கிறா. என்னிய குளிப்பாட்டறதும் அவதான். அவளுக்குன்னு நான் செய்யறது அந்த ஒண்ணுதான் கீது. அத்தயும் புடுங்கி ஆயா கையில குட்த்துட்டீங்கன்னா, அப்புறம் நான் அந்த வூட்ல இன்னாத்துக்கு?"

அம்மாவின் குரல் மேல்மாடி வரைக்கும் கேட்டிருக்கும். ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள். எனக்கு மானம் கப்பலேறியது. போயும் போயும் ஒரு தலைப் பின்னலுக்கா இத்தனை பேச்சு? "வாம்மா போலாம்" என்று அவள் முந்தானையை இழுத்தேன். யாரும் என்னைக் கண்டுகொள்ளவில்லை.

இதோடு டி.சி.யைக் கிழித்துக் கொடுத்துவிடுவார்கள் என்று காத்திருந்தேன். டீச்சர் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். "காலைல உங்களுக்கு எவ்வளவு நேரம் வேணும்மா?" என்று கேட்டார்.

எந்த டாக்டரைப் பார்க்க வேண்டும், எந்தக் கோயிலுக்குப் போக வேண்டும், என்ன சாப்பிடக் கூடாது என்று ஊரே அவளுக்குச் சொல்லியிருக்கிறது. இதை யாரும் கேட்டதில்லை. மொத்தக் கோபமும் இறங்கிப்போய், "பின்னி முடிக்க ஒம்போது மணி ஆயிடும் டீச்சர். வலி ஜாஸ்தியா இருந்தா இன்னும் கொஞ்சம் ஆவும்" என்றாள் சின்னக் குரலில்.

"ஆகட்டும். முதல் பீரியட் என்னோடதுதான். அது முடியறதுக்குள்ள அவ வந்தா போதும். ஹெச்.எம். கிட்ட நான் பேசிக்கறேன். விட்டுப்போன கணக்க மத்தியானம் சொல்லித் தரேன்."

அம்மா உடனே, வெந்நீருக்குக்கூடக் காத்திராமல், ஆயாம்மாவிடம் சீப்பை வாங்கி, அந்த வராந்தாவிலேயே என்னை உட்காரவைத்துப் பின்ன ஆரம்பித்துவிட்டாள். ஒரு ஜடை மேலேயும் ஒரு ஜடை கீழேயுமாக அன்று முழுக்க வகுப்பில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாளிலிருந்து என் நிலைமை முன்னைவிட மோசம். முன்பெல்லாம் மணி அடித்துவிடும் என்று சொல்லியாவது எழுந்து ஓடலாம். இப்போது, "டீச்சரே சொல்லிக்கிறாங்கல்ல, இன்னா அவசரம்?" என்பாள். நிதானமாகப் பேன் பார்ப்பாள். காதுக்குப் பின்னால் அழுக்கு என்று திட்டுவாள். நேற்று யாரோடு சண்டை போட்டாய், ஏன் முகம் வாடியிருக்கிறது என்று குடைந்து குடைந்து கேட்பாள். நானும் சுவரைப் பார்த்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொல்லுவேன். கிடைத்த உதவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேதனையை வாங்கி வந்திருக்கிறாளே என்று அம்மா மேல் கோபம். அதற்குத் துணைபோன டீச்சர் மேல் அதைவிடக் கோபம்.

வீட்டில் மற்ற நேரமெல்லாம் எழுந்திரு, கையை நீட்டு, மாத்திரையை முழுங்கு என்று நான் சொல்ல, அம்மா கேட்பாள். அந்தக் கொஞ்ச நேரம்தான் அம்மா சொல்ல, நான் கேட்டேன். ஒரு நாளில் நான் பிள்ளையாக இருந்தது அவ்வளவு நேரம்தான். டீச்சர் எனக்கு வாங்கிக் கொடுத்தது அதைத்தான் என்று தெரியாமல், "எப்பம்மா முடியும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.