வடிகட்டிய எண்ணெய்

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டபின் நான் பார்த்த வேலைகளில் கருகிய எண்ணெய் சேகரித்ததுதான் மிக அருவருப்பானது. எங்கெங்கோ சுற்றிவிட்டுத் திருநெல்வேலிக்குத் திரும்பி பழைய எண்ணெயை வாங்கிச் சேர்த்துவைக்கும் ஒரு கிட்டங்கியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மேலப்பாளையத்தில் கடை கடையாகப் போய், பொரித்து மிஞ்சிய எண்ணெயைத் தகர டின்னில் வாங்கி வர வேண்டும். துவைத்த சட்டையிலும் அந்த வாடை போகாது. சோற்றில் கை வைத்தால் சோறும் நாறும்.

கடைக்காரர்களிடம் கிட்டங்கி முதலாளி அண்ணாச்சிக்கு ஒரே பேச்சுதான். "கப்பல்ல வார எண்ணெய நம்பிப் பட்டாளம் இருக்கப்படாது, பாத்துக்கிடுங்க. ஒங்க எண்ணெயில டீசல் செஞ்சு பட்டாள லாரிக்கு ஊத்துதாங்க." முழுப்பொய் என்று சொல்ல முடியாது. டீசல் செய்யும் ஆலையின் வண்டி மாதம் ஒருமுறை வந்து போனது.

அந்தப் பேச்சைக் கேட்டு எண்ணெயைச் சும்மா கொடுத்தவர் சமோசாக் கடை அக்கா ஒருவர்தான். தெருப் பிள்ளைகளெல்லாம் வளைகுடாவுக்குப் போக, அவர் மகன் மட்டும் பட்டாளத்தில் சேர்ந்து மலைப்பாதையில் லாரி ஓட்டினான். எண்ணெயை ஆறவிட்டு, வெள்ளைத் துணியில் இரண்டு முறை வடிகட்டித்தான் அக்கா தருவார்.

"என்னத்துக்குக்கா இவ்வளவு மெனக்கெடுதிய? ஆலையில மிஷினே சுத்தம் பண்ணிரும்."

"போலே. தூளு அடைச்சு எம்புள்ள வண்டி ஏத்தத்துல நின்னா நீயா வந்து தள்ளுவ?"

கிட்டங்கியில் இரண்டு பீப்பாய்கள். கறுத்த எண்ணெய் ஒன்றில், அது ஆலைக்கு. தெளிந்தது மற்றதில். அதில் ஏதோ வெள்ளை மண்ணைக் கலக்கி நிறம் எடுத்து, சமையல் எண்ணெயாகவே ரோட்டோரக் கடைகளுக்கு விற்றார்கள். ஒரு மாதம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. அக்காவின் எண்ணெய் ஒரு சொட்டுகூட லாரிக்குப் போகவில்லை. வடிகட்டியதால்தான் போகவில்லை. கிட்டங்கி வாசலில் இருந்த கடையில் தினமும் நான் தின்ற பூரியும் அதில் வெந்ததுதான். வாய்க்காலோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன்.

மறுநாள் அக்காவின் தகரத்தைக் கறுத்த பீப்பாயில் கவிழ்த்தேன்.

"ஏலே! கண்ணு அவிஞ்சு போச்சா? நல்ல எண்ணெயல்லா அது!"

"பட்டாளத்துக்குப் போவணும்லா அண்ணாச்சி. நீங்கதான சொன்னிய."

பிடரியைப் பிடித்து வெளியே தள்ளினார். நேரே கடைக்குப் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ கசடோட குடுத்தா லாரிக்குப் போவுமாலே?"

"போவும்."

சட்டியின் அடியைச் சுரண்டித் தகரத்தில் போட ஆரம்பித்தார். கை நின்றது.

"மிஷினு சுத்தம் பண்ணிருமுன்னியே, மெய்தானா?"

ஆலையை நான் கண்ணால் கண்டதில்லை. மெய்தான் என்றேன்.