நான் நடத்திய குதிரைச் சவாரி

நெடுந்தீவின் தெற்கு வெளியில் மேயும் கட்டைக் குதிரைகளுக்கு உடையவர் இல்லை. அவற்றைச் சுருக்குக் கயிறு வீசிப் பிடித்து, வெறும் முதுகில் ஏறி, யார் கூடுதலான நேரம் விழாமல் இருக்கிறார் என்று பார்க்கும் போட்டியை அங்கே முதலில் நடத்தியவன் நான். அப்போது பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எண்பத்து மூன்று கலவரத்துக்கு அடுத்த ஆண்டு அது. சனத்துக்கு ஒரு பராக்குத் தேவை என்று சொல்லிக்கொண்டேன். ஒலிபெருக்கியில் என் குரலைக் கேட்கும் ஆசைதான் உண்மை.

நோட்டீசில் 'குதிரைச் சவாரி' என்று போட்டேன். எங்கள் பக்கத்தில் சவாரி என்றால் இரட்டை மாட்டு வண்டில் போட்டி. புத்தகத் தமிழில் எழுதிய எனக்கு அது உறைக்கவில்லை. புளியங்கூடலில் இருந்தும் மண்டைதீவில் இருந்தும் பஸ்ஸும் வள்ளமும் ஏறி வந்த சனம் வண்டிலைத் தேடியது.

"மாஸ்ரர், வண்டில் எங்கை? குதிரைக்குப் பின்னாலை நீரோ இழுபடப்போறீர்?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

வெளி முழுக்கச் சிரிப்பு. சிலர் இறங்குதுறைப் பக்கம் நடக்கத் தொடங்கினார்கள். என் மனைவியின் தம்பி பெயர் பெற்ற சவாரிக்காரன். பிடித்து வைத்திருந்த இரண்டு குதிரைகளை அவனுடைய சவாரி வண்டிலைக் கொண்டுவந்து அதில் பூட்டச் சொன்னேன்.

"ஏலாது அத்தான். உதுகள் நுகத்தைக் கண்டதேயில்லை. என்ரை காலை முறிச்சுப்போடுங்கள்."

"பயமெண்டால் சொல்லு. கொக்காவை ஓட்டச் சொல்லுறன்" என்று அவன் அக்காவை இழுத்தேன். ஒலிவாங்கி என் கையில் இருந்தது, எல்லோருக்கும் கேட்டது.

அவன் பூட்டினான். குதிரைகள் பக்கத்துக்கு ஒன்றாக இழுத்தன. வண்டில் கல்மதிலில் மோதியது. அவனுடைய வலது தொடை எலும்பு முறிந்தது. பொருத்திய பிறகும் கால் கட்டையாகவே நின்றுவிட்டது. அவன் பிறகு வண்டிலில் ஏறவில்லை. தம்பி தானாகவே ஆசைப்பட்டு ஓட்டினான் என்று, அன்று களத்துக்கு வராத மனைவியிடம் சொன்னேன். அவன் மறுத்துப் பேசவில்லை.

அடுத்த ஆண்டும் போட்டி வைத்தேன். விபத்துக் கதை தீவுகள் எல்லாம் பரவியிருந்ததால் முந்தியதைவிடப் பெரிய கூட்டம் வந்தது. அது எனக்கு வசதியாக இருந்தது. மைத்துனனைக் கூட்டிவந்து முன்னால் கதிரை போட்டு இருத்தி, போன வருடம் குதிரைகளோடு பொருதிய வீரர் என்று அறிவித்தேன். கை தட்டினார்கள். அவன் காலை நீட்டியபடியே கையை உயர்த்தினான். பிறகு என் பக்கம் திரும்பி, சாதாரணமாகக் கேட்டான்.

"அத்தான், இந்த முறை ஆரை விழுத்தப்போறியள்?"

நான் அதைப் பகிடியாக எடுத்துச் சிரித்துவிட்டு, முதல் ஆளைக் களத்துக்குக் கூப்பிட்டேன்.

அதற்குப் பிறகு போரால் கடற்பயணம் ஆபத்தாகி, வெளியிடத்துச் சனம் வருவது நின்றது. போட்டியை நான் விட்டதற்கு அது மட்டுமே காரணம்.