இடது காதில் இருந்தவன்

அந்த வீட்டில் டிரைவரை இடது பக்கம் நின்று கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் பதில் வந்துவிடும். அதுதான் சிக்கல்.

வலது பக்கம் நின்று கூப்பிட்டால் மனுஷன் திரும்பிப் பார்ப்பார், "என்ன?" என்பார். இடது பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்பவே மாட்டார். செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தால் தைத்துக்கொண்டே இருப்பார். ஆனால் "உள்ளேன் ஐயா" என்று ஒரு குரல் வரும். பாதித் தூக்கத்தில் எழுப்பிவிட்டவன் மூக்கால் பேசுகிற மாதிரி ஒரு குரல்.

கல்யாணமான புதிதில் அவர் மனைவி அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர், ஏதோ வேடிக்கை பண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். ஒரு நாள் காலையில் அவர் வாய் நிறையத் தண்ணீர் வைத்துக் கொப்பளித்துக்கொண்டிருந்தபோது, நினைவில்லாமல் இடது பக்கத்திலிருந்து கூப்பிட்டுவிட்டாள். வாயில் தண்ணீர் அப்படியே இருக்க, பதில் வந்தது. அன்றைக்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை. கடவுளிடம் வேண்டிக்கொள்ளும்போது கணவனோடு சேர்த்து, பேர் தெரியாத இன்னொருவருக்காகவும் வேண்டிக்கொள்ள ஆரம்பித்தாள். அவரிடம் அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இரண்டு பேரும் அதைச் சுற்றிக்கொண்டு நடக்கப் பழகிவிட்டார்கள், வீட்டு நடுவில் ஒரு தூண் இருந்தால் நடப்பதுபோல.

டிரைவர் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். முகாம்களுக்கு அரிசி, மண்ணெண்ணெய், தபால் எல்லாம் கொண்டுபோகிற லாரி. அவருக்கு இடது பக்க சீட்டில் உதவியாளாக ஒருவன் இருந்தான். எல்லாரும் அவனை அரைத்தூக்கம் என்றுதான் கூப்பிடுவார்கள். நின்றால் தூங்குவான், உட்கார்ந்தால் தூங்குவான், சாப்பிட்டுக்கொண்டே தூங்கிக் குழம்பில் மூக்கை விட்டவன். காலையில் அணிவகுத்து நின்று பேர் கூப்பிடும்போது அவன் லாரிக்குள் சுருண்டு கிடப்பான். டிரைவர் தன் பேருக்கு ஒரு முறை "உள்ளேன் ஐயா" என்பார். அவன் பேர் வந்ததும் தலையைக் குனிந்து, மூக்கைச் சுருக்கி, அவன் குரலில் இன்னொரு முறை "உள்ளேன் ஐயா" என்பார். பேர் கூப்பிடுகிற அதிகாரிக்குத் தெரியுமோ தெரியாதோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

"எத்தனை நாளைக்குடா உனக்கு நான் சொல்றது?" என்று கேட்டால், அவன் கண்ணைத் திறக்காமலே சொல்வான். "அண்ணே, நீங்க ஒரு நாள் வராம இருங்க. உங்களுக்கு நான் சொல்றேன். நிறுத்தவே மாட்டேன் பாருங்க."

லாரியின் இடது முன் சக்கரம் கண்ணிவெடியில் ஏறியது. சத்தத்தை டிரைவர் கேட்கவில்லை. உலகத்தின் ஒரு பாதியை யாரோ மூடி போட்டு மூடியதுபோல இருந்தது, அவ்வளவுதான். விழித்தபோது இடது சீட்டும் இல்லை, அதில் தூங்கிக்கொண்டிருந்தவனும் இல்லை.

இடது காது அன்றைக்கே செத்துவிட்டது. ஆனால் பட்டாளத்தை விட்டு வரும்போது "உடம்புக்கு ஏதாவது குறை இருக்கா?" என்று கேட்டதற்கு, வீட்டுக்குப் போனால் போதும் என்ற அவசரத்தில் "ஒண்ணும் இல்லைங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த ஒரு வார்த்தை இத்தனை வருஷமாகக் காலைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இப்போது ஒரு கிடங்கில் காவல் வேலை. நாள் முழுக்க லாரிகள் பின்னோக்கி வருகிற இடம். போன மாதம் ஒரு லாரி இடது பக்கமாகப் பின்னால் வந்து, சட்டை உரசுகிற தூரத்தில் நின்றது. கிளீனர் வண்டியைத் தட்டித் தட்டி, தொண்டை கிழியக் கத்தியிருக்கிறான். "சத்தம் போட்டேனே, இந்தப் பெரியவர்தான் 'உள்ளேன் ஐயா'ன்னு பதில் சொன்னாரே, கேட்டுட்டார்னுதானே வண்டிய விடச் சொன்னேன்!" என்று அவன் அழாத குறையாகச் சொன்னான். மனைவிக்கு அது காதில் விழுந்ததும் சோறு இறங்கவில்லை. பட்டாளத்தில்தான் காது போனது என்று மருத்துவக் குழு எழுதிக் கொடுத்துவிட்டால் ஊனத்துக்கான பென்ஷன் வரும். அந்தக் கிடங்கை விட்டு அவர் வீட்டோடு இருக்கலாம். இல்லையென்றால் ஒரு நாள் அந்த லாரி நிற்காது.

ஏற்கெனவே இரண்டு முறை போய்வந்தாயிற்று. இரண்டு முறையும் ஒரே கதைதான். டாக்டர் பின்னால் நின்று, இவருடைய வலது காதை விரலால் அடைத்துக்கொண்டு, இடது காதுக்கு அருகில் ரகசியமாக ஒரு வார்த்தை சொல்வார். கேட்டால் திருப்பிச் சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும்.

"மரம்" என்றார் முதல் டாக்டர்.

"உள்ளேன் ஐயா."

"மரம்னா மரம்னு சொல்லுங்க. உள்ளேன் ஐயாவாம்! இது என்ன பள்ளிக்கூடமா? படகு."

"உள்ளேன் ஐயா."

"நல்லாத்தான்யா கேக்குது இவருக்கு!"

டிரைவருக்கு மரமும் கேட்கவில்லை, படகும் கேட்கவில்லை. அந்தக் காதில் அவருக்குக் கேட்பது ஒரே குரல். அது பதில் சொல்லி முடித்த பிறகு வெதுவெதுப்பாக ஒரு மூச்சுக்காற்று. முதல் முறை "காது கேட்கிறது" என்று எழுதினார்கள். இரண்டாம் முறை "பாசாங்கு" என்று எழுதினார்கள். அந்தச் சொல்லை மனைவி எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, தாளை மடித்துக் கடவுள் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். கடவுளே படித்துக்கொள்ளட்டும் என்று.

இது மூன்றாவது முறை. மேல்முறையீடு. இதற்கு மேல் கிடையாது.

மருத்துவமனைக்கு நடக்கும்போது எப்போதும்போல மனைவி அவருக்கு வலது பக்கம் வந்தாள். இடது பக்கம் ஓர் ஆள் நடக்கிற அளவுக்கு இடம் விட்டே அவர் நடப்பார். எதிரே வருகிறவர்களும் அந்த இடத்துக்குள் நுழையாமல், தெரியாமலே ஒதுங்கிப் போவார்கள். அவள் அதைப் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் வருகிறாள்.

காத்திருக்கும் இடம் நீளமான ஒரு நடை. ஒரே கம்பியில் கோத்த பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒருவர் எழுந்தால் வரிசையே ஆடும். சுவரில் காதின் உட்புறப் படம், நத்தை ஓடு மாதிரி. பழைய பட்டாளத்துக்காரர்கள் கையில்லாமலும், காலில்லாமலும், பார்த்தால் ஒன்றும் குறையில்லாமலும் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி ரகத்தார் மட்டும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

டிரைவர் தண்ணீர் குடிக்கப் படிக்கட்டு வரைக்கும் போயிருந்தார். அப்போது பார்த்துப் பியூன் கதவைத் திறந்து அவர் பேரைக் கூப்பிட்டார். மனைவி "தண்ணி குடிக்கப் போயிருக்காருங்க" என்று சொல்ல வாயெடுத்தாள்.

"உள்ளேன் ஐயா."

அவளிடமிருந்து இரண்டு நாற்காலி தள்ளி வந்தது. காலியாக இருந்த நாற்காலி. டிரைவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு இடது பக்கம்.

பியூன் தாளில் குறித்துக்கொண்டார். "ஆளு வந்தாச்சு. உக்காருங்க, அடுத்து நீங்கதான்" என்று கதவைச் சாத்தினார். நாற்காலி வரிசை இலேசாக ஆடி நின்றது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

டிரைவர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். மனைவியின் முகம் வெளுத்திருந்தது.

"கூப்பிட்டாங்களா?"

"கூப்பிட்டாங்க. பதிலும் சொல்லியாச்சு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் அவருடைய வலது காதுக்கு அருகில் குனிந்தாள். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அதைப் பற்றிப் பேசினாள்.

"அவர்கிட்ட நீங்கதான் சொல்லணும்."

"யார்கிட்ட?"

"என்கிட்டயுமா மறைக்கறீங்க?" என்றாள். குரலில் கோபம் இல்லை. "நம்ம வீட்டுல எனக்கு முன்னாடியே குடி வந்தவர்கிட்ட. அவர் உங்களுக்கு நல்லது செய்யறதாத்தான் நெனச்சுக்கிட்டிருக்காரு. பாவம், அவருக்கு எப்படித் தெரியும்?"

"அவனுக்கு வேற போக்கிடம் இல்லை" என்றார் டிரைவர். "வேண்டாம்னு எப்படிச் சொல்றது?"

"வேண்டாம்னு சொல்ல வேண்டாம். போதும்னு சொல்லுங்க."

உள்ளே கூப்பிட்டார்கள்.

இந்த முறை முதலில் கண்ணாடி அறை. சுவரெல்லாம் மெத்தை மாதிரி தடித்த துணி. கதவைச் சாத்தினால் வெளி உலகம் அறுந்து விழுந்துவிடும். தன் ரத்தம் ஓடுகிற சத்தம் தனக்கே கேட்கும். காதில் மாட்ட ஹெட்போன், கையில் ஒரு பட்டன். வெளியே மெஷின் முன்னால் ஒரு இளம் பெண். அவள் பேசுவது ஹெட்போனில் வரும். உள்ளே பேசுவது அவளுக்குக் கேட்க ஒரு மைக்கும் இருந்தது.

"சத்தம் கேட்டா பட்டனை அழுத்துங்க ஐயா. கேக்கலைன்னா அழுத்தாதீங்க. அவ்வளவுதான்."

வலது காது முடிந்தது. இடது காதுக்கு மாற்றினாள். ஒரு குமிழைத் திருகினாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

"பேசாதீங்க ஐயா. பட்டனை மட்டும் அழுத்துங்க."

"நான் பேசலைம்மா."

அவள் மறுபடி திருகினாள். இந்த முறை மெஷினைப் பார்க்கவில்லை. கண்ணாடி வழியாக அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூடிய உதடு. அவள் கை குமிழின் மேலேயே நின்றுவிட்டது. பிறகு எழுந்து வந்து கதவைத் திறந்தாள். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. மெத்தைச் சுவர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"உள்ள வேற யாரு இருக்காங்க?" என்றாள். கேட்டுவிட்டு, கேட்டதற்காகவே பயந்தவள்போல நின்றாள்.

"பயப்படாதம்மா" என்றார் டிரைவர். "ஒரு நிமிஷம் அந்த மைக்கை நிறுத்திட்டு, கதவைச் சாத்திக்கோ. அப்புறம் நீ உன் வேலையைப் பாரு. இனிமே தொந்தரவு இருக்காது."

பாவம் அந்தப் பெண், மறுபேச்சுப் பேசாமல் சாத்தினாள்.

டிரைவர் இடது பக்கம் திரும்பினார். அங்கே துணி போர்த்திய சுவர்தான் இருந்தது. அதில் ஓர் ஆள் சாய்ந்தால் விழுகிற பள்ளம்போல இலேசாக ஒரு குழி.

"டேய், அரைத்தூக்கம்" என்றார்.

மூச்சுக்காற்று காதில் பட்டது.

"நான் உனக்குச் சொன்னதை விட நீ எனக்கு ரொம்பச் சொல்லிட்டேடா. ஒரு தடவை கூட விடலை நீ. வீட்டுல சொன்ன, ரோட்டுல சொன்ன, இங்க வந்தும் சொன்ன. தூங்குமூஞ்சின்னு உன்னைக் கேலி பண்ணினோம். இத்தனை வருஷம் என்னால நீ கண்ணே மூடலையேடா." சுவரில் இருந்த அந்தக் குழியில் கையை வைத்தார். "போதும். இனிமே எனக்கு நானே சொல்லிக்கிறேன். யார் கூப்பிட்டாலும் நீ எந்திரிக்க வேண்டாம். அண்ணன் சொல்றேன், கேளு. நீ தூங்கு."

பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, செத்த காதுக்குள் நீளமாக ஒரு கொட்டாவி கேட்டது. வாயை மூடாமல், வெட்கமில்லாமல் விடுகிற அதே பழைய கொட்டாவி. பிறகு மெல்லிய குறட்டை. லாரி மேட்டில் ஏறி அந்தப் பக்கம் இறங்குவதுபோல அது தூரத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது.

பிறகு ஒன்றும் இல்லை.

அப்படி ஒரு ஒன்றுமில்லாமையை அவர் அதற்கு முன் அறிந்ததில்லை. காதில் பட்டுக்கொண்டிருந்த வெதுவெதுப்பு போய், கிணற்று வாய் மாதிரி அந்தப் பக்கம் குளிர்ந்தது. வெளியே அந்தப் பெண் குமிழைத் திருகினாள், இன்னும் திருகினாள், கடைசிவரை திருகினாள். டிரைவர் பட்டனை அழுத்தவே இல்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது.

பெரிய டாக்டர் பின்னால் நின்று வலது காதை அடைத்தார். "மணி" என்றார். பதில் இல்லை. "மாடு" என்றார். பதில் இல்லை. மேஜையில் ஓங்கித் தட்டினார். எதிரே உட்கார்ந்திருந்த இன்னொரு டாக்டர்தான் துள்ளினார்.

"சுத்தமா போயிருக்கே இந்தக் காது" என்றார் பெரிய டாக்டர். டிரைவரின் எதிரே வந்து குனிந்து, கம்பியால் துளைத்த மாதிரி அவர் கண்ணைப் பார்த்தார். "இதைப் போய் பாசாங்குன்னு எவன்யா எழுதினது? முன்னாடி பதில் சொன்னீங்களாமே?"

"நான் சொல்லலைங்க" என்றார் டிரைவர். "எனக்காகச் சொன்னாங்க."

டாக்டருக்கு அது புரிந்ததா என்று தெரியாது. அந்தப் பெண் மட்டும் மூலையில் நின்றுகொண்டு தரையைப் பார்த்தாள். டாக்டர் பேனாவைத் திறந்து, பட்டாள வேலையில்தான் காது போனது, இனித் திரும்பாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

திரும்பி வரும்போது டிரைவர் வழக்கம்போல இடது பக்கம் இடம் விட்டுத்தான் நடந்தார். எதிரே சைக்கிள் தள்ளிக்கொண்டு வந்த ஒருவன் அந்த இடத்துக்குள் நேராகப் புகுந்து, அவர் தோளை இடித்துவிட்டுப் போனான். "பாத்துப் போங்க பெரியவரே" என்றான். மனைவி அதைப் பார்த்தாள்.

மறுநாள் காலை டிரைவர் ஜன்னலோரம் உட்கார்ந்து செருப்புத் தைத்துக்கொண்டிருந்தார். இனிக் கிடங்குக்குப் போக வேண்டியதில்லை. அவள் அடுப்படியிலிருந்து அவரைக் கூப்பிட்டாள். இடது பக்கம். நினைவோடுதான் கூப்பிட்டாள்.

கரண்டியைக் கையில் பிடித்தபடி காத்திருந்தாள். வீடு சும்மா இருந்தது. இன்னொரு முறை, கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டாள். அவர் ஊசியை இழுத்துக்கொண்டே இருந்தார்.

அவள் அடுப்பைத் தணித்துவிட்டு, சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்து, அவர் தோளைத் தொட்டாள்.

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "கூப்பிட்டியா?"

"ஆமா."

"கேக்கலை" என்றார் அவர்.

அந்த வார்த்தையை அந்த வீட்டில் அவர் சொன்னது அதுதான் முதல்முறை. அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள், இடது பக்கம், இத்தனை வருஷமாக அவளுக்கு இல்லாதிருந்த இடத்தில். அந்த இடம் அப்போதும் சில்லென்றுதான் இருந்தது.