காவல் வேலையும் என் ஓய்வூதியமும்

என் கணவர், தமது அறுபத்தேழாம் வயதில், உப்புவெளியிலுள்ள விடுதியொன்றுக்கு இராக்காவலராகப் போகப்போவதாகச் சொன்னபோது நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். அவர் என் கருத்தைக் கேட்கவில்லை. மாசி மாதத் தொடக்கத்தில் வரச் சொல்லியிருக்கிறார்கள், சீருடை அவர்களே தருவார்கள் என்று தெரிவித்துவிட்டு, மீன்தலையைச் சொதிக்கு எடுத்துவைக்கும்படி கூறினார்.

"பிறசர் வருத்தக்காரன் விடிய விடிய முழிச்சிருந்து என்னத்தைக் காக்கப் போறீங்கள்?"

"இருக்கக் கதிரை தருவினம்."

"அப்ப கதிரையைக் காக்கப் போறீங்கள்."

அவர் சிரித்தார். முடிவை மட்டும் மாற்றவில்லை.

எங்கள் நிலையை இங்கே சொல்லிவிட வேண்டும். அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் துறைமுகத்து இழுவைப் படகுகளில் இயந்திரப் பகுதியில் பணியாற்றியவர். அவருடைய வேலைக்கு ஓய்வூதியம் கிடையாது. விலகும்போது சேமலாப நிதி முழுவதும் ஒரே தொகையாகக் கைக்கு வந்துவிடும். பெண்ணுக்கு வீடு கொடுத்து மணம் முடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அன்புவழிபுரத்தில் நாங்கள் கட்டிய வீட்டை மகளுக்கு எழுதிக்கொடுத்தபின், அதே வளவின் பின்புறத்தில் இரண்டு அறைகளும் குசினியுமாக எங்களுக்கென ஒன்றை அமைத்துக்கொண்டோம். சேமலாப நிதி வந்தபோது அதையும் அவர் மகள் வீட்டின் மேல்மாடிக்கே இட்டார். மேல்மாடியைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடலாம், அந்த வாடகையில் தாம் வாழலாம் என்பது அவருடைய எண்ணம். மாடி முடிந்த வேளையில் பயணிகளின் வரவு நின்றுபோயிருந்தது. அவர்கள் மீண்டும் வரத் தொடங்கியபோது மகளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்து, அந்த இடம் அவர்களுக்கே தேவையாயிற்று. இதில் எவரையும் குறைசொல்வதற்கில்லை. ஆயினும், என்னைவிட இருமடங்கு சம்பளம் பெற்ற மனிதரின் கையில் இறுதியில் எதுவும் மிஞ்சவில்லை.

நான் பாடசாலையில் தமிழ் கற்பித்தவள். என் சம்பளத்துக்கு அவர் இட்ட பெயர் 'சோக்குக் காசு', சோக்குக்கட்டி பிடித்து வாங்கும் சில்லறை என்று. அவர் வேலையிலிருந்து விலகியபோது என்னையும் விலகச் சொன்னார். ஐம்பத்தைந்து வயதிலேயே நான் விலகியிருக்கலாம். சாதாரணதர வகுப்பை நடு ஆண்டில் விட்டுவர மனமின்றி இருந்தேன். அடுத்த ஆண்டிலும் ஒரு வகுப்பு இருந்தது. அவ்வாறே அறுபது வயதும் ஆயிற்று. அதில் முன்யோசனை எதுவும் இல்லை. ஆனால் நெடுங்காலமாகத் தாமதித்திருந்த பதவியுயர்வு அந்த இறுதி ஆண்டுகளில்தான் வந்தது. ஓய்வூதியமோ இறுதியாகப் பெற்ற சம்பளத்தைக் கொண்டு கணிக்கப்படுவது. அப்படிக் கணித்தும் அது சிறிய தொகையே. அரிசி, மின்சாரம், மருந்து என்பவற்றுக்கு ஈடுகொடுத்தபின் பெரிதாக ஒன்றும் எஞ்சாது.

காவல் வேலை பற்றிய பேச்சு எழுந்த அதே கிழமையில் வேறொன்றையும் கண்டுபிடித்தேன். அவர் அன்றாடம் விழுங்கும் இரத்த அழுத்தக் குளிசைக்கு ஆசுப்பத்திரியில் தட்டுப்பாடு வந்ததால் நாங்கள் வெளியே வாங்கிக்கொண்டிருந்தோம். அலுமாரியைத் துடைக்கும்போது பார்த்தேன். அந்த மாதத்தில் முடிந்திருக்க வேண்டிய குளிசைகளில் பாதி அப்படியே இருந்தன. என் பணத்தில் வாங்குவதை மிச்சம்பிடிக்க அவர் ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு வந்திருக்கிறார். நான் அவருடைய சட்டைப் பையில் மருந்துக்குப் பணம் வைத்தேன். மறுநாள் அது சாமித்தட்டில், விபூதிக் கிண்ணத்தின் கீழே, மடித்தபடி கிடந்தது.

"ஏன் திருப்பி வைச்சனீங்கள்?"

"அது உம்மட காசு."

"அப்ப நீங்கள் இவ்வளவு காலமும் வீட்டுக்குத் தந்தது ஆருடைய காசு?"

"அது வேறை கதை. நான் உழைச்சனான், தந்தனான்."

"என்னட்டை வாங்கேலாது எண்டால் மகளிட்டைக் கேளுங்கோவன்."

"மருமகனுக்கு முன்னாலை கையை நீட்டவோ? நல்லாயிருக்கு உம்மட கதை. அதுக்குத்தானே வேலைக்குப் போறன்."

இரவு விழிப்பும் அரைக்குளிசையுமாக அவர் எத்தனை நாள் தாங்குவார் என்ற கேள்வியே அதன்பின் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வாதாடி வெல்லக்கூடிய மனிதரும் அல்லர் அவர்.

தை மாதம் பிறந்தது. ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் தாம் உயிருடன் இருப்பதை நேரில் உறுதிப்படுத்த வேண்டும். அன்று மழை விடவில்லை; குடை பிடிப்பதற்காக அவரும் என்னுடன் பிரதேச செயலகத்துக்கு வந்தார். வாங்கில் எங்களுக்கு அருகே குறிஞ்சாக்கேணியைச் சேர்ந்த முஸ்லிம் அம்மா ஒருவர், பேத்தியைப் பார்க்கப் பட்டணத்துக்கு வந்து தங்கியிருப்பவர், அமர்ந்திருந்தார். என் பழைய மாணவியொருத்தியின் தாய் என்பதால் என்னை அறிவார்.

"சேர் எந்தத் திணைக்களம்?" என்று என் கணவரைக் கேட்டார்.

"எனக்கு ஒண்டுமில்லை. மனிசிக்குக் குடை பிடிக்க வந்தனான்."

"அப்படிச் சொல்லாதீங்க சேர். ரீச்சர் மௌத்தாப் போனா பென்சன் உங்களுக்கும் வரும்தானே. ரீச்சர் கோவிக்கப்படா."

"ஏன் கோவிக்கிறன்? உண்மைதானே," என்றேன்.

"எங்கட மனிசன் ஆசுப்பத்திரியில வேலை செஞ்சவர். விதவைப் பென்சனுக்கெண்டு சம்பளத்தில மாசாமாசம் வெட்டினாங்க. அப்ப நான் அவரோட சண்டை, ஏன் வெட்டுறாங்க எண்டு. முழுசா வராட்டியும் இப்ப அதத்தான் எடுத்துத் தின்னுறேன்."

என் கணவர் என் பக்கம் திரும்பினார்.

"உமக்கும் வெட்டினவையோ?"

"ஓம்."

"ஆருக்கெண்டு?"

"உங்களுக்குத்தான். எனக்குப் பிறகு தபுதாரருக்கு, மனிசியை இழந்தவருக்கு எண்டு உங்கட பேர் அங்கை கிடக்கு."

"எவ்வளவு காலமா?"

"கலியாணம் முடிச்ச நாள் துவக்கம்."

"எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை."

"நான் செத்தாப்பிறகு தெரியவேண்டிய கதை. அதை எப்படி நான் சொல்லுறது?"

அந்த அம்மா முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். என் பெயர் அழைக்கப்பட்டது. அலுவலர் தமது வழக்கமான பகடியைத் தொடங்கினார்: "ரீச்சர் உயிரோட இருக்கிறாவோ?"

"இருக்கிறா," என்றார் என் கணவர், எனக்கு முந்திக்கொண்டு. "இருக்கவும் வேணும். இல்லாட்டி எனக்கு முழுசா வராதாம்."

சம்பளத்தில் வெட்டிய அந்தக் கழிவை நான் அவருக்குச் செய்யும் ஈகையாக எண்ணியதே இல்லை. அது என் கைக்கு வராமலே போன பணம்; சம்பளப் பட்டியலில் ஒரு வரி, அவ்வளவே. அவர் அதை வேறுவிதமாக விளங்கிக்கொண்டார். வீடு திரும்பும் வழியில், குடையை என் பக்கம் சரித்தபடி கேட்டார்.

"நீர் போனாப்பிறகு எனக்கு வாறதிலை கொஞ்சத்தை இப்பவே எடுத்தால் என்ன?"

"அப்படிக் கேக்கிறதுக்கு அரசாங்கத்திலை வழியில்லை."

"நான் அரசாங்கத்தைக் கேக்கேல்லை. உம்மைக் கேக்கிறன்."

மருந்துக்கடையின் முன் நின்றோம். நான் பணப்பையைத் திறந்து அவரிடம் நீட்டினேன். அவரே உள்ளே போய் ஒரு மாதத்துக்குரிய குளிசைகளை வாங்கிவந்தார்.

சிறிய ஓய்வூதியத்தின் பெறுமதி அதன் தொகையில் இருப்பதாகவே நான் அதுவரை கருதியிருந்தேன். ஆதலால் அதனைச் சிறிதாகவே மதித்தேன். அவருடைய சேமலாப நிதி பெரிது. ஆனால் அது ஒருநாள் வந்தது, அன்பின் பொருட்டு ஒருநாள் போயிற்று. இது அவ்வாறு எடுத்து எவருக்கும் கொடுத்துவிட முடியாதது. மகளுக்கு மாடி கட்டவேண்டும் என்று நானும் விரும்பியிருப்பேன், விரும்பினாலும் முடிந்திராது. மாதம் பிறந்தால் மறுபடி வரும். அதற்காக நாங்கள் எவருடைய முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

விடுதிக்கு அவர் தொலைபேசியிலேயே செய்தி சொன்னார். "வேறை ஆளைப் பாருங்கோ தம்பி, எனக்கு இரவிலை முழிச்சிருக்க ஏலாது," என்றார். மறுமுனையில் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது.

இப்போது ஓய்வூதியம் வரும் நாளில் வங்கிக்கு இருவருமாகப் போகிறோம். வாசலிலேயே அவருடைய பங்கை அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். அவர் எண்ணிப் பார்க்காமல் சட்டைப் பையில் இட்டுக்கொண்டு, உட்துறைமுகப் பக்கம் நண்பர்களைக் காணப் போய்விடுகிறார். நன்றி என்று ஒரு சொல்லும் சொல்வதில்லை. நானும் அதனை எதிர்பார்ப்பதில்லை.