காடிமேல் கட்டிய மெத்தை

“ஒரு சோத்துப் பானைய அடிப்பிடிக்காம இறக்கத் தெரியாது. இவ ஜித்ராவுல தனியா இருந்து கிழிச்சிருவாளா?”

பெரியப்பா இதை என்னிடம் சொல்லவில்லை. நான் எதிரே நின்றுகொண்டிருக்க, அப்பாவிடம் சொன்னார். அதில் அவருக்கு ஒரு நியாயம் உண்டு. காடியில் கோளாறு என்றால் காடியிடமா சொல்வோம்? மெக்கானிக்கிடம்தானே சொல்வோம்.

சோற்றுப் பானை விஷயத்தில் அவர் சொன்னது உண்மை. ஆனால் எனக்குக் கிடைத்திருந்தது சமைக்கிற வேலை இல்லை. ஜித்ராவுக்குப் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையில் தரம் பார்க்கும் அதிகாரி வேலை. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். உணவு அறிவியல் படித்துவிட்டு, கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு கிலாங்கில், அதாவது தொழிற்சாலையில், சின்னச் சின்ன மின்சில்லுகளைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சில்லைச் சாப்பிட முடியாது. ஆகவே படித்த படிப்புக்கேற்ற வேலை தேடி அலைந்து, கடைசியில் இது வந்தது.

“அரிசியில கல்லு பொறுக்கவா இத்தன வருசம் படிச்ச?” என்றார் பெரியப்பா. இதை மட்டும் என்னிடமே கேட்டார்.

வேலையைவிட அவருக்கு ஊர்தான் பிரச்சினை. காலமெல்லாம் பீடோங்கிலிருந்து அலோர் ஸ்டார் வரை லோரி ஓட்டியவர் அவர். உலகம் அலோர் ஸ்டார் பசாரோடு முடிகிறது என்பது அவர் கணக்கு. அதற்கப்பால் சயாம். ஜப்பான்காரன் ரயில் பாதை போட ஆள் பிடித்துப் போனதிலிருந்து, எங்கள் ரப்பர் தோட்டத்தில் சயாம் என்றால் இன்றைக்கும் போன ஆள் திரும்பாத இடம் என்றுதான் அர்த்தம். ஜித்ரா நம் கெடா மாநிலத்தில்தான் இருக்கிறது என்று கைப்பேசியில் வரைபடத்தைக் காட்டினேன். “படத்துல எல்லாம் பக்கத்துலதான் தெரியும்” என்றார்.

என் பல்கலைக்கழகத் தோழி ஜித்ராவில் இருந்தாள். அவள் அம்மா மாடி அறையை வேலைக்குப் போகும் பெண்களுக்கு வாடகைக்கு விடுகிறார், அறை காலி. இதைச் சொன்னதும் வீட்டில் இடி விழுந்தது. சொந்தக்காரர் இருக்கும் ஊரில் வாடகைக்கு இருப்பதா? ஜித்ராவில்தான் அத்தை இருக்கிறாரே! அத்தை வீட்டில் தங்குவதானால் போகலாம், இல்லாவிட்டால் கூலிமிலேயே சில்லைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். இதுதான் தீர்ப்பு. “அண்ணன் சொல்றதும் சரிதான்” என்றார் அப்பா. அவர் வாழ்க்கையில் அதிகம் சொன்ன வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

நான் சம்பாதிக்கிறேன், வயதும் ஆகிவிட்டது. சண்டை போட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். எங்கள் தோட்டத்தில் அப்படிப் போன பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் தீபாவளிக்கு வருவதில்லை. எனக்கு வேலையும் வேண்டும், தீபாவளியும் வேண்டும்.

அத்தை, அப்பாவின் சித்தப்பா மகள். கல்யாணமாகி ஜித்ரா போன பிறகு நாங்கள் யாரும் அவர் வீட்டைப் பார்த்ததில்லை. ஆனால் எந்தத் திருமண மண்டபத்தில் சந்தித்தாலும், பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில், “ஜித்ரா பக்கம் வந்துட்டு என் வீட்டுக்கு வராம போனீங்கன்னா செத்தாலும் பேச மாட்டேன், ஆமா” என்று மிரட்டுவார். நான் பள்ளிச் சீருடை போட்ட காலத்திலிருந்து கேட்டுவரும் மிரட்டல். உலகத்தில் இதை நம்பிய ஒரே ஆள் என் பெரியப்பா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டோம். அப்பாவுக்கு வேலை. நான் ஓட்ட, பெரியப்பா முன்னால், அம்மா பின்னால். அம்மா மடியில் பெரிய தட்டு நிறைய ஆப்பிளும் ஆரஞ்சும் வாழைப்பழமும். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போவது எப்படி? காடியின் கூரைமேல், சுருட்டிக் கட்டிய ஒரு மெத்தை.

மெத்தை பெரியப்பாவின் யோசனை. “கையோட கொண்டுபோயிருவோம். மெத்தையோட வந்த பிள்ளைய எவ திருப்பி அனுப்புவா?”

“அத்தைக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிருவோமா பெரியப்பா?”

“சொல்லிட்டுப் போறதுக்கு அது என்ன, ஆப்பீசா?”

நெடுஞ்சாலையில் மெத்தை காற்றைக் குடித்து உப்பியது. எங்களைக் கடந்துபோன ஒவ்வொரு வண்டியும் கொஞ்சம் மெதுவாகிப் பார்த்துவிட்டுப் போனது. பெரியப்பா வழிநெடுக எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார். நான் உரிமம் எடுத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவர் கண் மங்கி உரிமத்தைப் புதுப்பிக்காமல் விட்டதற்கும் பல ஆண்டுகள் ஆகின்றன. ஜெராய் மலை இடப்பக்கம் வந்தபோது கயிற்றைச் சரிசெய்ய ஓய்விடத்தில் நிறுத்தினோம். தேநீர்க் கோப்பையோடு நின்ற ஒரு மலாய்க்கார லோரி ஓட்டுநர், வீடு மாறுகிறாயா, கல்யாணமா என்று மலாயில் கேட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பிறகு யோசித்தால், அன்று எங்களைச் சரியாகப் பார்த்த ஒரே மனிதர் அவர்தான்.

குருன் தாண்டியதும் மரங்கள் விலகின. அதுவரை இரண்டு பக்கமும் செம்பனை, ரப்பர், மறுபடியும் செம்பனை. இப்போது வானம்வரை நெல். அம்மா ஜன்னலில் ஒட்டிக்கொண்டு பார்த்தார். தோட்டத்தில் பிறந்து தோட்டத்தில் வேலை செய்தவர். இவ்வளவு நீளத்துக்கு மறைப்பே இல்லாத நிலம் அவருக்குப் புதிது.

“ஒரு மரத்தையும் காணோமே. வெயிலுக்கு எங்க ஒதுங்குவாங்க?”

“அதான் அப்பவே சொன்னேன்ல,” என்றார் பெரியப்பா. “மனுசன் இருக்கிற எடமா இது?”

மூன்று வேளையும் சோறு சாப்பிடுகிறவர், நெல் வயலைப் பார்த்துச் சொன்ன கருத்து இது.

அலோர் ஸ்டார் போய்விட்டது. பெரியப்பா பேச்சை நிறுத்திவிட்டு, கதவுக்கு மேலிருந்த பிடியைப் பிடித்துக்கொண்டார். உலகத்தின் விளிம்பிலிருந்து யாரும் விழவில்லை. ஜித்ரா வந்தது. கடைகள், சமிக்ஞை விளக்குகள், பொரித்த கோழிக் கடை, வங்கி. “பீடோங்க விடப் பெருசா இருக்கே” என்றார் அம்மா. பெரியப்பாவுக்குக் காது கேட்கவில்லை.

அத்தை வீடு ஒரு தாமான் குடியிருப்பில், வரிசை வீட்டில் மூலை வீடு. ஹார்ன் அடித்தேன். ஜன்னல் திரை ஒரு விரல் அகலம் விலகியது. ஒரு கண் எங்களைப் பார்த்தது, பிறகு மேலே மெத்தையைப் பார்த்தது. திரை மூடிக்கொண்டது. கதவு திறக்க நேரமானது.

“அட, வாங்கண்ணே, வாங்க அண்ணி! ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா லா?” அத்தை பேசினார், பார்வை மட்டும் கூரையிலேயே இருந்தது. “உக்காருங்க. தேத்தண்ணி கலக்குறேன்.”

கலக்கப் போகவில்லை. அம்மா பழத்தட்டை மேசைமேல் வைத்தார். பெரியப்பா வெள்ளைச் சட்டை, அம்மா கல்யாணத்துக்குக் கட்டும் சேலை, நடுவில் நான். அத்தை தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகத்தில் ஏதோ ஒன்று முடிவானது.

பெரியப்பா தொண்டையைச் செருமினார். அவர் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார்.

“அண்ணே, கோவிச்சுக்காதீங்க. கேக்காம கொள்ளாம சாமானோட வந்து நின்னா நான் என்ன பண்றது? தம்பிக்கு இப்பதான் ஒரு எடத்துல பேசிக்கிட்டு இருக்கோம். பொண்ணு பேங்க்ல வேலை செய்யுது. நம்ம பிள்ளை நல்ல பிள்ளைதான், நான் இல்லேங்கல. ஆனா தோட்டத்துல வளர்ந்த பிள்ளை... இங்க டவுன்ல அதுக்கு சரிப்படாது லா.”

அத்தையின் மகன் எனக்கு முறைப்பையன் என்பதை அந்த நிமிடம்வரை நாங்கள் மூவரும் மறந்தே போயிருந்தோம். தட்டு நிறையப் பழம், பெரிய மனிதர் ஒருவர், அலங்காரமாகத் தாயார், வாசலில் மெத்தை. அத்தையைக் குறை சொல்லவும் முடியாது. தோட்டத்துப் பிள்ளை என்றதை மட்டும் குறித்துக்கொண்டேன். அதே தோட்டத்தில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி வளர்ந்தவர் அவர்.

அந்த நேரம் பார்த்து மணமகன் அரைக்கால் சட்டையோடு அறையிலிருந்து வெளியே வந்து வாசலை எட்டிப் பார்த்தார்.

“மா, யாருக்கு மா மெத்தை? எனக்கா?”

“உள்ள போடா!”

போய்விட்டார். எங்கள் நிச்சயதார்த்தம் அவ்வளவுதான்.

பெரியப்பா மெல்ல எழுந்து நின்றார். இந்த வீடு இல்லையென்றால் வேலை இல்லை, அதுதானே தீர்ப்பு.

“யாரு உன் மகனுக்குக் குடுக்க வந்தா?” என்றார். “பள்ளிக்கூடத்துல அஞ்சாம் பாரத்த முடிச்சானா அவன் முதல்ல? எங்க பிள்ளை டிகிரி! இங்க அரிசி ஆலைக்கு அதிகாரியா வருது. அது சரின்னு கையெழுத்துப் போட்டாத்தான் ஒரு மூட்டை வெளிய போவும், தெரியுமா உனக்கு?”

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த விளக்கத்தை அவருக்குப் பல முறை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

“வேலைக்கு வருது, உன் வீட்டுல தங்கட்டும்னு கொண்டாந்தோம். நீதானே மண்டபத்துக்கு மண்டபம் கூப்பிட்ட?”

அத்தை முகத்தில் நிம்மதி வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது. “தங்கறதுக்கா?” என்றார். அறை ஒன்று இருக்கிறதாம், ஆனால் அதில் இஸ்திரி போடுகிறார்களாம். வயசுப் பையன் இருக்கும் வீடாம், நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களாம். “அண்ணே, இந்தக் காலத்துல படிச்ச பிள்ளைங்க எல்லாம் தனியாத்தான் இருக்குதுங்க. அதுக்குன்னு ஒரு தைரியம் வரணும்ல? நாமதான் பயந்துக்கிட்டு புடிச்சு வெச்சிருக்கோம். விடணும் லா.”

நான் மாதக்கணக்கில் வீட்டில் சொல்லிப் பார்த்த அதே வாதம். பெண் சுதந்திரத்துக்காக இவ்வளவு உருக்கமான பேச்சை நான் பல்கலைக்கழகத்திலும் கேட்டதில்லை. இஸ்திரி அறையைக் காப்பாற்ற ஒரு பெண் எவ்வளவு தூரம் முற்போக்காகிவிட முடியும் என்று அன்று தெரிந்தது.

எழுந்தோம். அம்மா, வைத்த பழத்தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

காடியில் பெரியப்பா கொதித்தார். “தோட்டத்துப் பிள்ளையாமே! பிள்ளை தனியாவே இருக்கும். என்ன கெட்டுப்போச்சு? இவ வீட்டு வாசல மிதிச்சா என்னைய ஏன்னு கேளு.”

“தோழி வீடு பக்கத்துலதான் பெரியப்பா.”

“விடு வண்டிய.”

சூடு ஆறுவதற்குள் கொண்டுசேர்க்க வேண்டுமே என்று விட்டேன். ஆனால் அவரும் வழியிலேயே ஆறத் தொடங்கிவிட்டார். தோழியின் வீட்டு வரவேற்பறையில் மாதா படத்தைப் பார்த்ததும், “வேதக்காரங்க வீடா?” என்று என் காதில் கேட்டார். தோழியின் அம்மா கேக் வெட்டி வைத்தார். அதற்கு மதம் ஏதும் இல்லை போலும். இரண்டு துண்டு சாப்பிட்டார்.

“எங்க வீட்டுல ஒரு சட்டம்தான் அண்ணே,” என்றார் தோழியின் அம்மா. கிளினிக்கில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். குரலில் இன்னும் ஊசி இருந்தது. “ஆம்பளைங்க மாடி ஏறக் கூடாது. அப்பாவா இருந்தாலும் சரி, யாரா இருந்தாலும் சரி.”

“நல்ல சட்டம்,” என்றார் பெரியப்பா. கொஞ்சம் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது. “அப்ப ரூம்ப நான் எப்படிப் பாக்குறது?”

“நீங்க பாக்க வேணாம். தங்கறது நீங்க இல்லயே.”

பெரியப்பா யோசிக்கத் தொடங்கினார். அவர் யோசித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக் குளியலறைக்குக் கதவு மாற்ற அவர் யோசித்து முடிப்பதற்குள் பழைய கதவு தானே விழுந்துவிட்டது. தோழி என்னைப் பார்த்தாள். நான் வாசலைப் பார்த்தேன்.

அங்கே அம்மா எங்களுக்கு முன்பே போய், காடியின் பக்கத்தில் நின்று கயிற்றின் முடிச்சைப் பல்லால் இழுத்துக்கொண்டிருந்தார். லோரிக்காரப் பெரியப்பாவே போட்ட முடிச்சு, சயாம் போனாலும் அவிழாது என்று அவர் பெருமைப்பட்டது. அவிழ்ந்தது. ஒரு முனையை நானும் ஒரு முனையைத் தோழியும் தூக்க, தலையணையோடு அம்மா பின்னால் வந்தார். வரவேற்பறையைக் கடந்துதான் படி. பெரியப்பா கண்முன்னால்தான் மெத்தை போனது. மூன்றாவது துண்டு கேக்கை அப்போதுதான் தோழியின் அம்மா அவர் தட்டில் வைத்தார்.

“வீட்டுக்குப் போயி, தம்பிகிட்ட கலந்து பேசி, யோசிச்சு, ஒரு நல்ல நாளாப் பாத்து முடிவு சொல்றோம்” என்று அவர் சொல்வது மாடிவரை கேட்டது. ஜன்னல் வழியாக நெல் வயல் தெரிந்தது. அம்மா தலையணைக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார். நான் விரிப்பின் கடைசி மூலையை மெத்தைக்கடியில் செருகினேன்.