வைத்தியச்சி கற்ற தீ மந்திரம்

இரண்டாயிரத்து மூன்றில் உத்தமபாளையத்தில் கல்லூரி விடுதியில் இருந்தேன். எங்களுக்கு ஒரு வருடம் மூத்த குமுளிப் பக்கத்து அக்கா ஒருத்தி, கொச்சியில் வேலை பார்த்த தன் அண்ணனிடமிருந்து ஒரு கட்டு ஜெராக்ஸ் தாள்களைக் கொண்டுவந்தாள். அது ஒரு கதை விளையாட்டு. அக்கா கதை சொல்வாள்; அதற்குள் நாங்கள் ஆளுக்கொரு பாத்திரமாக நடப்போம். வெட்டு பட்டதா, உயிர் தப்பியதா என்பதை இருபது பக்கப் பகடை சொல்ல வேண்டும். அதற்கு நாங்கள் எங்கே போவது? ஒன்று முதல் இருபது வரை சீட்டெழுதி மடித்துப் பவுடர் டப்பாவில் போட்டோம். பெரிய எண் வந்தால் நல்லது. ஒன்று வந்தால் தொலைந்தது. எடுத்த சீட்டை, இருபதும் தீரும்வரை திரும்பப் போடுவதில்லை. அதனால் டப்பாவில் என்ன மிச்சம் என்று எப்போதும் எல்லோருக்கும் தெரியும்.

நான் வைத்தியச்சி. என் அறைத்தோழி வாள்காரி. அவள் சுருளிப்பட்டிப் பெண். வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூட அவள் சத்தம் அடுத்த பெஞ்சைத் தாண்டாது. வாள்காரியாகிவிட்டால் மட்டும், வார்டன் வந்து கதவைத் தட்டுமளவுக்குக் கத்துவாள். வாரம் முழுக்க, நாங்கள் விளையாடும் ஞாயிற்றுக்கிழமைக்காகவே இருந்தாள்.

ஒரு ஞாயிறு மதியம், ஆடிக் காற்று. சீட்டு பறக்குமென்று ஜன்னலைச் சாத்திவிட்டுப் புழுக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். வெளியே யாரோ நிற்பதுபோலக் காற்று கொக்கியை ஆட்டிக்கொண்டே இருந்தது. கதையில் நாங்கள் ஒரு குகை வாசலில் நின்றோம். பாத்திரங்கள் ஒரு படி ஏறும் நேரம். வைத்தியத்திலேயே ஏறினால் எனக்கு விஷமுறிவு கிடைக்கும். இல்லையென்றால் வைத்தியத்தை அப்படியே நிறுத்திவிட்டு, கூடவே மந்திரக்காரியாகவும் ஆகலாம்; தீ எறியலாம்.

"ரெண்டையும் பிடிச்சா ரெண்டுலயும் மெதுவாத்தான் ஏறணும்னு எழுதியிருக்காக" என்றாள் அக்கா. பிறகு குரலைத் தாழ்த்தி, "குகைக்குள்ள உருளைக்கிழங்கு அவிச்ச வாடை அடிக்குது. நல்லா யோசிச்சுக்கோ மோளே" என்றாள்.

அந்த வாடை என்றால் பாம்பு என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

வாள்காரி என் தோளைத் தட்டினாள். "ஏ புள்ள, நீ வைத்தியத்தையே பாரு. முன்னால வர்றத நான் பாத்துக்கிறேன்."

கேட்டிருக்கலாம். எனக்கு எரிச்சல். ஒரு வருடமாக அவள் வெட்டுகிறாள், நான் கட்டுப்போடுகிறேன், பேரெல்லாம் அவளுக்கு. ஒரு படிதானே, விஷமுறிவை அடுத்த தடவை வாங்கிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, 'வைத்தியச்சி'க்குப் பக்கத்தில் 'மந்திரக்காரி' என்று எழுதினேன். அக்கா தன் கையிலிருந்த தாளைக் குப்புற வைத்தாள்.

டப்பாவில் அப்போது நான்கு சீட்டு மிச்சம்: பதினேழு, பதினான்கு, ஒன்பது, ஒன்று.

முதல் ஆளாக நான் தீயை எறிந்தேன். பதினேழு வந்தது. வௌவால்கள் கருகி விழுந்தன. நானே எனக்குக் கை தட்டிக்கொண்டேன். அந்த வெளிச்சத்தில் பாம்பு எழுந்தது. வாள்காரி வெட்டினாள். ஒன்பது, வெட்டு தவறியது. பாம்புக்காக அக்கா எடுத்தாள். பதினான்கு, வாள்காரியைக் கடித்துவிட்டது.

"விஷம் ஏறுது. முறிவு இருந்தா சீட்டே வேண்டாம்" என்று அக்கா என்னைப் பார்த்தாள். "இல்லேன்னா, தாங்குறாளான்னு அவதான் எடுக்கணும்."

நான் டப்பாவைப் பிடித்துக்கொண்டேன். "சீட்டெல்லாம் திரும்பப் போட்டுருவோம்க்கா."

"போன வாரம் உனக்கு இருபது மிஞ்சுனப்ப நீ அதச் சொல்லலையே."

வாள்காரி டப்பாவை வாங்கிக் குலுக்கினாள். உள்ளே நிறையச் சீட்டு இருப்பதுபோல வெகுநேரம் குலுக்கினாள். பிறகு எடுத்து, பிரிக்காமலே அக்காவிடம் கொடுத்தாள்.

அடுத்த ஞாயிறு அக்கா அவளிடம் புதுத் தாளை நீட்டி, வேறு பாத்திரம் எழுதிக்கொள்ளச் சொன்னாள்.

"வேண்டாம்க்கா. நான் சீட்டு மடிச்சுத் தாறேன்." பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே அது சரியாகக் கேட்கவில்லை.

பரீட்சை வரைக்கும் மடித்துத் தந்தாள். வார்டன் அதன்பிறகு எங்கள் கதவைத் தட்டவே இல்லை.