நின்ற இடத்திலேயே நின்ற கணக்கு

பணிப்பதிவேட்டின்படி அவர் 'உதவியாளர், இரண்டாம் நிலை, எண்களை உள்ளிடுபவர், சுயமாக முடிவெடுக்கும் பொறுப்பு இல்லை.' அதை எழுதியவர் அவரைப் பார்த்ததில்லை. குடிநீர் வாரிய அலுவலகத்தில் அவருக்கு 'எதிர்க்கட்சி' என்று பெயர். இருபத்திரண்டு வருடத்தில் ஆளுங்கட்சிகள் மாறின, இவர் மாறவில்லை.

எந்தப் பம்பை எத்தனை மணி நேரம் ஓட்டினால் மின்செலவு குறையும் என்று கண்டுபிடிக்க அங்கே ஒரு கணினி நிரல் உண்டு. ஏதோ ஓர் அட்டவணையில் தொடங்கி, செலவைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போய், இனிக் குறையாது என்கிற இடத்தில் அது நிற்க வேண்டும். ஒரு மாதமாக அது ஓடி ஓடி, 'விடை கிடைக்கவில்லை' என்று கையை விரித்துக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை திடீரென்று நல்ல பிள்ளையாகி, ஒரே நொடியில் 'சிறந்த விடை' என்றது: மேட்டுக் குடியிருப்புக்கு நாளொன்றுக்கு நாற்பது நிமிடம் தண்ணீர்.

பொறியாளர் தாளை நீட்டினார். "'சரிபார்த்தேன்'னு ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா. நாளையிலேருந்து அமல்."

"இது விடை இல்ல சார். போன வருஷத் தட்டுப்பாட்டு அட்டவணை. தொடக்கத்துக்குன்னு நான்தானே இதை டைப் அடிச்சேன், எனக்குத் தெரியாதா?"

"ரெண்டும் ஒண்ணா இருந்தா, போன வருஷமே சரியாப் பண்ணியிருக்கோம்னு அர்த்தம்."

உதவியாளர் நிரலைத் திறந்தார். எல்லாப் பம்புக்கும் ஐந்து மணி நேரம் என்று தொடக்கத்தை மாற்றி ஓட்டினார். ஒரே நொடி, எல்லாப் பம்புக்கும் ஐந்து மணி நேரம்தான் சிறந்த விடை. பூஜ்யம் போட்டார். ஊருக்கே தண்ணீர் வேண்டாம் என்பதும் சிறந்த விடையாயிற்று.

பக்கத்து மேசையில் நிரல்காரர் நெளிந்தார். "எச்சரிக்கை தொல்லையா வந்துச்சுக்கா. எவ்வளவு பிழையைப் பொறுத்துக்கலாம்ங்கிற அளவைக் கொஞ்சம் தளர்த்தினேன்."

"கொஞ்சம்னா?"

"பத்தாயிரத்துல ஒரு பங்குன்னு இருந்துச்சு. முழு நூறாக்கிட்டேன். அதான் எங்க தொடங்கினாலும் அங்கேயே நின்னுடுது."

"பிள்ளை அழுதுன்னு வாயில துணிய அடைச்ச கதையா இருக்கே தம்பி."

பொறியாளரின் முகம் சுண்டியது. "உங்க சொந்தக்காரங்க யாரும் மேட்டுல இருக்காங்களா?"

"என் வீடு பள்ளத்துல சார். இதுல கையெழுத்துப் போட்டா எனக்கு நாள் பூரா தண்ணி."

"உங்க வேலை நம்பர் போடறது. இப்படி நோண்டறது இல்ல. மேலிடத்துக்கு எழுதிட்டா வேலையே போயிடும்."

"எழுதுங்க. எழுதிட்டுக் கொடுங்க, பிழை இருந்தா திருத்தித் தரேன்."

உதவியாளர் பிழையைப் பொறுத்துக்கொள்ளும் அளவைப் பழைய இடத்துக்கே கொண்டுபோனார். உள்ளிட்ட எண்களை மூலத் தாள்களோடு வரிவரியாக ஒத்துப் பார்த்தார். குழாய்களின் நீளமெல்லாம் கிலோமீட்டரில் இருந்தன. மேட்டுக்குப் போகிற குழாய் மட்டும் 2400. அது மீட்டர். அத்தனை தூரம் தள்ள எந்தப் பம்பாலும் ஆகாது. நிரல் விடையில்லாமல் தவித்ததில் வியப்பில்லை. அந்த எண்ணைத் தட்டியது வேறு யாருமல்ல, அவரேதான்.

"ஆக, தப்பு உங்களோடது," என்றார் பொறியாளர், வெயிலில் நிழல் கண்டவர்போல.

"ஆமா சார். அதையும் சேர்த்து எழுதிக்குங்க."

2.4 என்று திருத்தி, மூன்று வெவ்வேறு அட்டவணைகளிலிருந்து நிரலை ஓட்டினார். மூன்று தடவையும் மேட்டுக்கு மூன்று மணி நேரம் என்றே வந்தது. பழைய தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, புதிய தாளில் தன் தவறை ஒரு வரியில் எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டார்.